சத்துகளின் சுழற்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாமிரபரணியில் வெள்ளம் போகும்போதெல்லாம் திருநெல்வேலிச் சீமையில் ஒரு பேச்சு எழும்: "தண்ணி பூரா வீணா கடலுக்குப் போகுதே!" முதலில் விடவேண்டிய தவறு இந்த நினைப்புதான். பொதிகைப் பாறையிலிருந்து கரைந்த சிலிக்காவும், வயல்களைக் கடந்து வரும் வண்டலும் பாஸ்பரஸும் ஆற்றோடுதான் புன்னக்காயல் கழிமுகத்தை எட்டுகின்றன. அந்தச் சத்தில் நுண்பாசி பெருகும்; நுண்பாசியை நம்பி இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளரும். குடிக்கவும், குளம் பெருக்கவும், கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவங்களுக்கும் தண்ணீர் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் கடலுக்குப் போவதில் மன்னார் வளைகுடாவில் வலை போடுகிறவர்களின் பங்கும் இருக்கிறது. அதை வீண் என்று எழுதக் கூடாது.

எல்லாச் சத்தும் ஒரே பாதையில் சுற்றுவதாக எண்ணுவது அடுத்த தவறு. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். கொழுஞ்சி, உளுந்து வேர்முடிச்சுகளில் இருக்கும் பாக்டீரியா அதைப் பிடித்துத் தரும். வேறு வகை பாக்டீரியா மண்ணிலிருந்து மறுபடி காற்றுக்கே அனுப்பிவிடும். பாஸ்பரஸுக்கு இந்த வாயுப் பாதை கிடையாது. பாறை கரைந்து, ஆறு இழுத்து, கடலடியில் படிந்துவிட்டால், அந்தப் படிவு நிலமாக மேலெழும்பக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகும்.

குறுக்குவழிகளும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பசிபிக் கடலில் கொழுத்த சால்மன் மீன்கள் முட்டையிட வட அமெரிக்க ஆறுகளுக்கு ஏறிவரும். கரடிகள் அவற்றைக் காட்டுக்குள் இழுத்துப்போய்த் தின்று, மிச்சத்தை மரத்தடியில் விட்டுப்போகும். சகாராவின் தூசி அட்லாண்டிக்கைக் கடந்து அமேசான் காட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 22,000 டன் பாஸ்பரஸ் கொண்டுசேர்ப்பதாக 2015இல் கணக்கிட்டார்கள். நம் பக்கத்தில் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம். அங்கே கூடுகட்டும் மஞ்சள்மூக்கு நாரைகளின் எச்சம் குளத்துத் தண்ணீரிலும் வண்டலிலும் கலந்து வயலுக்குப் போகிறது. ஊர்க்காரர்கள் அதன் மதிப்பு தெரிந்தே அந்தப் பறவைகளைக் காக்கிறார்கள்.

ஆட்டுக்கிடையையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். ஆடு சத்தைப் புதிதாக உண்டாக்குவதில்லை. பகலில் பொட்டலில் மேய்ந்ததை இரவில் வயலில் இறக்குகிறது. வயலுக்கு வரவு என்றால் மேய்ச்சல் தரைக்குச் செலவு. அந்தத் தரைக்கும் ஓய்வு கொடுத்தால்தான் கணக்கு நேராகும்.

காடு பச்சையாக இருந்தால் மண்ணும் கொழுத்திருக்கும் என்று நம்புவதும் தவறு. அமேசான் போன்ற மழைக்காடுகள் பலவற்றில் மண் ஏழை. சத்தில் பெரும்பங்கு மரத்திலும் சருகிலும் இருக்கிறது. விழுந்த இலை சீக்கிரமே மக்க, வேரோடு ஒட்டிய பூஞ்சை உடனே உறிஞ்சிவிடும். மரத்தை வெட்டி எரித்து விதைத்தால் சில விளைச்சலோடு சரி. வடதுருவத்துப் பக்கம் கதை வேறு: குளிரில் சருகு மக்கவே பல ஆண்டுகள் ஆகும். நம் வறண்ட காட்டிலோ அந்த வேலையில் கரையானுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு நிலத்தின் வேகத்தை இன்னொன்றுக்குப் பொருத்தாதீர்கள்.

சத்து சுழலும், ஆற்றல் சுழலாது. பாடம் படிக்கிற பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். வெயிலில் வந்த ஆற்றல் கடைசியில் வெப்பமாகப் போய்விடும்.

அறுப்பு முடிந்ததும் தாளுக்குத் தீ வைப்பதை நிறுத்துங்கள். அதிலிருக்கும் நைட்ரஜன் ஏறக்குறைய முழுவதும் புகையோடு போய்விடும். பிறகு அதை ஈடுகட்ட யூரியா மூட்டை வாங்க வேண்டும். தேங்கிய தண்ணீரில் அள்ளி வீசும் யூரியாவிலும் ஒரு பங்கு அம்மோனியாவாகக் காற்றில் கலக்கும், ஒரு பங்கு வடிகாலில் ஓடும். அதுவும் ஊர்ச் சாக்கடையும் சேர்ந்துதான் ஆற்றில் அமலைச்செடியை, அதாவது ஆகாயத்தாமரையை, கொழுக்க வைக்கின்றன. அந்தச் செடியை வாரிக் கரையிலேயே குவித்துவிட்டால், அழுகி அடுத்த மழைக்குத் திரும்ப ஆற்றில்தான் இறங்கும். வண்டியிலேற்றி, கரையை விட்டுத் தள்ளியிருக்கிற உரக்குழியில் சாணியோடு சேர்த்து மக்க வையுங்கள்.