செயின்ட் கில்டா தீவுக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் கேட்டான்: "அண்ணா, வியாழக்கிழமை செயின்ட் கில்டா போட். வெள்ளி விடியற்காலை ஃபெர்ரி பிடிச்சு கிளம்பிடுவேன். சரியா வருமா?" வராதுடா என்று பதில் போட்டேன். போட்டுவிட்டு ஒரு மணி நேரம் எரிச்சலோடு உட்கார்ந்திருந்தேன். அவன்மேல் இல்லை, என்மேல்தான். இதே கூத்தை நானும் ஆடியவன்.

வாந்தி மாத்திரை, மழைக்கோட்டு பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

ஒரே ஒரு நாளை நம்பிப் போவது

ஸ்காட்லாந்தின் மேற்கே ஹெப்ரிடீஸ் தீவுகள். அவற்றையும் தாண்டி, அட்லாண்டிக்கில் இன்னும் 64 கிலோமீட்டர் தள்ளிக் கிடப்பது செயின்ட் கில்டா. ஹாரிஸ் தீவின் தென்முனையில் இருக்கும் லெவர்பரோவிலிருந்து சின்ன போட்டில் இரண்டரை, மூன்று மணி நேரம். டிக்கெட் கையில் இருந்தால் போய்ச் சேர்ந்த மாதிரி என்று நினைக்காதீர்கள். நான் நான்கு முறை புக் செய்து, இரண்டு முறைதான் கரை இறங்கியிருக்கிறேன்.

முதல் தடவை செவ்வாய் ராத்திரி வந்தேன். புதன் போட், வியாழன் காலை ஊர் திரும்ப ஃபெர்ரி. புதன் விடிந்ததும் ஜன்னலைத் திறந்தால் பளிச்சென்று வெயில், ஒரு இலைகூட ஆடவில்லை. அப்போதுதான் போட்காரரிடமிருந்து போன் வந்தது: இன்றைக்குப் போட் இல்லை, நாளைக்குப் போகலாம். அந்தாளுக்குச் சோம்பல் என்றே நினைத்தேன். வாய்விட்டுத் திட்டவும் செய்தேன்.

விஷயம் பிறகுதான் புரிந்தது. போட் நிற்கும் வில்லேஜ் பே தென்கிழக்கு பார்த்த குடா. காற்று அந்தப் பக்கம் திரும்பினால் அலை நேரே உள்ளே வந்துவிடும். அங்கே துறைமுகம் கிடையாது. போட் நங்கூரம் போட்டு நிற்கும், நாம் ஒரு ரப்பர் படகுக்கு மாறி, பாசி பிடித்த படியில் காலை வைக்க வேண்டும். அந்த நேரத்தில் படகு ஒரு மீட்டர் ஏறி ஒரு மீட்டர் இறங்கினால் கால் நம்முடையதாக இருக்காது. எங்கேயோ தொலைவில் அடித்த புயலின் அலை இரண்டு நாள் கழித்துக்கூட வந்து சேரும். லெவர்பரோவில் வெயில் அடிப்பது இதில் கணக்கே இல்லை.

வியாழக்கிழமை போட் போனது. நான் ஹாரிஸின் டார்பர்ட் துறையில், ஊர் திரும்பும் ஃபெர்ரியின் மேல்தட்டில் ஆறின டீயோடு நின்றேன், கடல் கண்ணாடி மாதிரி கிடந்தது. போட் காசு திரும்ப வந்தது. ரூம் வாடகை, கார் வாடகை, ஃபெர்ரி, கிளாஸ்கோவிலிருந்து போட்ட பெட்ரோல், நான்கு நாள் லீவு எதுவும் வரவில்லை. இன்றும் அந்த டீ தொண்டையில் நிற்கிறது.

ஆகவே ஹாரிஸில் மூன்று ராத்திரியாவது தங்குங்கள். போட்டை முதல் நாளுக்கே போடுங்கள், கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். மாற்று நாள் ஒன்றைக் காலியாக வைக்கச் சொல்லிப் போட்காரர்களே கேட்பார்கள், மறுக்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். போட் போகாத நாளும் வீணில்லை: லஸ்கென்டயர் கடற்கரை இருக்கிறது, ரோடெல் தேவாலயத்தில் 1528-இல் செதுக்கிய மக்லியோட் குலத் தலைவனின் கல்லறை இருக்கிறது. லெவர்பரோ என்ற பேரே நம் வீட்டு சன்லைட் சோப்பு முதலாளி லெவர்ஹியூம் பிரபுவால் வந்ததுதான்.

ஆகஸ்ட் கடைசியில் பஃபின் பறவைகளைத் தேடுவது

அவை போயிருக்கும். ஜூனில் வாருங்கள்.

ஆளே இல்லாத தீவு என்று நினைப்பது

கரை இறங்கியதும் காதில் விழுவது ஜெனரேட்டர் சத்தமாக இருக்கலாம். 1957 முதல் அங்கே ராணுவத்தின் ராடார் நிலையம் உண்டு. என்னோடு வந்த ஒரு அம்மா அதைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு பாதி நேரத்தைக் கழித்தார். பாவம்.

தெருவிலேயே நேரத்தைத் தீர்ப்பது

கிடைப்பது நான்கைந்து மணி நேரம். இறங்கியவுடன் மொத்தக் கூட்டமும் பழைய கிராமத்தின் அந்த ஒரே தெருவில் செல்ஃபி எடுக்க நிற்கும். நீங்கள் நேரே 'கேப்' என்கிற மேட்டுக்கு ஏறிவிடுங்கள். புல்சரிவில் மூச்சு வாங்க ஏறிக்கொண்டே இருப்பீர்கள், திடீரென்று எதிரே தரை இருக்காது. செங்குத்துப் பாறை, கீழே கடல், நடுவில் ஃபுல்மார் பறவைகள். பக்கத்திலேயே கோனகெர் சிகரம், 430 மீட்டர். வழியில் ஸ்குவா பறவை தலையைக் குறிவைத்துப் பாய்ந்தால் ஓடாதீர்கள். கைத்தடியைத் தலைக்கு மேல் உயர்த்துங்கள், தடியின் நுனியைத்தான் அது தாக்கும்.

நீங்கள் கீழே வரும்போது தெரு காலியாக இருக்கும். கூரையில்லாத வீடுகளில் கடைசியாக வாழ்ந்தவர்களின் பெயரைப் பலகைக்கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். 1930 ஆகஸ்ட் 29 அன்று மிச்சமிருந்த 36 பேரும், தாங்களே அரசிடம் மனு போட்டுக் கேட்டு, கப்பலேறிப் போய்விட்டார்கள்.

கிளீட் மேல் ஏறுவது

பறவைக் கறியும் முட்டையும் காற்றில் காய வைத்த கல்குடில்கள் அவை. ஏறாதீர்கள்.

நாயைக் கூட்டி வருவது

அனுமதி இல்லை.

திரும்பும்போது படுத்துவிடுவது

களைப்பில் எல்லோரும் கேபினுக்குள் போய்ச் சாய்ந்துவிடுவார்கள். ஆனால் போட் நேரே வீடு திரும்பாது, பொரேரே தீவைச் சுற்றிக்கொண்டு போகும். தூரத்தில் ஸ்டாக் லீ பாறை வெள்ளையடித்த சுவர் மாதிரி தெரியும். கிட்டே போனால் அந்த வெள்ளையில் பாதி அசையும், அத்தனையும் கேனட் பறவைகள். நாற்றமும் சேர்ந்தே வரும், மூக்கைப் பொத்திக்கொண்டாவது வெளியே நில்லுங்கள்.

அடுத்து ஸ்டாக் அன் ஆர்மின், கடலிலிருந்து 196 மீட்டர் நிமிர்ந்து நிற்கும் ஒற்றைப் பாறை. 1727-இல் மூன்று ஆண்களையும் எட்டுச் சிறுவர்களையும் பறவை பிடிக்க அங்கே இறக்கிவிட்டுப் படகு திரும்பியது. அதற்குள் ஊரில் பெரியம்மை புகுந்துவிட்டது. படகு தள்ள ஆளில்லை. பதினொரு பேரும் குளிர்காலம் முழுக்க அந்தப் பாறையிலேயே கிடந்தார்கள், மீட்கப் படகு வர ஒன்பது மாதம் ஆனது. போன முறை போட்காரர் எஞ்சினை அடக்கிவிட்டு இதைச் சொன்னபோது மேல்தட்டில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம்.