சங்கீதம் 51 படிக்கணுமா, பென்சில் எடுத்துட்டு உக்காருங்க

சாம்பல் புதன்ல ஆரம்பிச்சு லெந்து (ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற தவக்காலம்) முடியுறதுக்குள்ள பைபிள்ல இருக்குற இந்த ஜெபப் பாட்ட, அதாவது சங்கீதத்த, எத்தன தடவ கேக்குறோம்னு கணக்கே கிடையாது, ஆனா 19 வசனத்தயும் ஒரே மூச்சா உக்காந்து படிச்சவங்க கம்மி. 10வது வசனம் மட்டும் எல்லாருக்கும் மனப்பாடம், "சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும்"னு வாக்குத்தத்த அட்டைலகூட போட்டுடுவாங்க, மீதி அப்படியே கெடக்கும். நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் இருந்தேன்.

மொதல்ல சங்கீதத்த தொறக்காதீங்க. 2 சாமுவேல் 11, 12 ரெண்டயும் படிங்க, ஏன்னா சங்கீதத்தோட தலைப்புலயே நாத்தான்ங்கற தீர்க்கதரிசி தாவீது ராஜாகிட்ட வந்தப்போ தாவீது பாடினதுன்னு போட்டிருக்கு. தன் படைவீரன் ஊரியாவோட மனைவி பத்சேபாள தாவீது எடுத்துக்கிட்ட விஷயம் எல்லாருக்கும் தெரியும், பல பேர் வேகமா தாண்டிப் போற எடம் 11:14, ஊரியாவ சாகடிக்கச் சொல்லி எழுதின லெட்டர ஊரியா கையிலயே குடுத்து அனுப்புறான் ராஜா. அங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. அப்புறம் நாத்தான் வந்து "மனந்திரும்பு"ன்னு பிரசங்கம் பண்ணல, ஏழையோட ஒத்த ஆட்டுக்குட்டிய பணக்காரன் புடிச்சு சமைச்ச கதைய சொல்றார், தாவீது கொதிச்சுப் போய் அவன் சாகணும், நாலு மடங்கு திருப்பித் தரணும்னு தீர்ப்பே சொல்லிடுறான், அப்போதான் "நீயே அந்த மனுஷன்". அதனால வேதம் படிக்கும்போது அடுத்தவன் மேல உங்களுக்கு கோவம் வர்ற எடத்துல பென்சிலால ஒரு கோடு போட்டு வெச்சுக்கோங்க, பின்னாடி தேவப்படும்.

இப்போ சங்கீதத்துக்கு வாங்க. தாவீது தேவன்கிட்ட கேக்குற வார்த்தைய எல்லாம் வட்டம் போடுங்க: இரங்கும், கழுவி, சுத்திகரியும், சிருஷ்டியும், புதுப்பியும், இப்படி வந்துட்டே இருக்கும். அவன் தன்னப் பத்தி சொல்றதுக்கு அடிக்கோடு. 12வது வசனம் வரைக்கும் பக்கம் பூரா வட்டமாத்தான் இருக்கும், அடிக்கோடு விழுறதுல முக்கால்வாசி பாவம் செஞ்சேன், என் மீறுதல எனக்குத் தெரியுதுங்கற மாதிரி எடத்துலதான். "இனிமே செய்யவே மாட்டேன்"ங்கற வரி எங்கயும் இல்ல, தேடிப் பாருங்க. சூழ்நில அப்படி இருந்துச்சுங்கற சாக்கும் இல்ல. நாம ஜெபத்துல மொதல்ல ஓடிப் போய் சத்தியம் பண்றோம், தாவீதுக்கு அந்த தைரியம் போயிடுச்சு போல, பழைய இருதயத்த ரிப்பேர் பண்ணக்கூட கேக்கல, "சிருஷ்டியும்"ங்கறான். ஆதியாகமம் 1:1ல வானத்தயும் பூமியயும் சிருஷ்டிச்சார்னு வர்ற அதே எபிரெய வார்த்த.

விசுவாசம் எங்கன்னா மொத வரிலயே இருக்கு. பாவத்தப் பத்தி வாய தொறக்குறதுக்கு முன்னாடியே "உமது கிருபையின்படி எனக்கு இரங்கும்"னு கேட்டுடுறான், என் அழுகையின்படின்னு கேக்கல.

7வது வசனத்துல ஈசோப்பு வரும், அது ஒரு செடி, இஸ்ரவேலர் எகிப்த விட்டு கெளம்பின பஸ்கா ராத்திரில நிலைக்கால்ல ரத்தம் தெளிச்சதும் (யாத்திராகமம் 12), குஷ்டரோகிய சுத்திகரிச்சதும் (லேவியராகமம் 14) அத வெச்சுத்தான். அதே வசனத்துல பனிய நம்ம பழைய மொழிபெயர்ப்புல "உறைந்த மழை"ன்னு போட்டிருக்காங்க, எனக்கு ரொம்ப புடிச்ச வார்த்த.

4வது வசனத்துல எல்லாரும் மாட்டுவாங்க. "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக" பாவம் செஞ்சேன்னு சொல்றான், அப்போ ஊரியா என்ன ஆனான்? கேள்வி நியாயம்தான், மழுப்பாதீங்க. 14வது வசனத்துல "இரத்தப்பழி"ங்கற வார்த்த வருது, அங்க ஊரியாவோட நெழல் விழுது. 2 சாமுவேல் 12ல மன்னிப்பு கெடச்ச அப்புறமும் பிள்ள செத்துப் போகுது, பட்டயம் உன் வீட்ட விட்டு விலகாதுங்கற வார்த்தயும் மாறல. மன்னிப்புன்னா எல்லாம் பழையபடி ஆயிடும்னு சொல்லித் தர்றவங்க இந்த அதிகாரத்த தாண்டிப் போறவங்கதான்.

குரூப்பா படிக்கிறவங்களுக்கு ஒண்ணு: மொத நாளே ஆளாளுக்கு பாவ அறிக்க பண்ணச் சொல்லாதீங்க, நான் ஒருதடவ வாலிபர் கூட்டத்துல அப்படி பண்ணி அடுத்த வாரம் பாதி பேர் வரல. வசனத்த சத்தமா படிச்சுட்டு அஞ்சு நிமிஷம் சும்மா இருக்க விடுங்க, போதும்.

கடைசி ரெண்டு வசனம் திடீர்னு "எருசலேமின் மதில்களைக் கட்டுவீராக"ன்னு போகும். தாவீது காலத்துல மதில் இடியலயேன்னு குழம்புவீங்க, கிமு 586ல பாபிலோன்காரங்க எருசலேம இடிச்சதுக்கு அப்புறம் சிறையிருப்புல இருந்த ஜனங்க இத சேத்திருக்கலாம்னு வேத ஆராய்ச்சியாளர்கள் பல பேர் நெனைக்கிறாங்க. அப்படின்னா ஒரு தனி மனுஷனோட அழுகைய, ஊரே இடிஞ்சு கெடந்த ஜனங்க எடுத்து தங்களோட ஜெபமா பாடியிருக்காங்க. இந்த எடத்துல பென்சில கீழ வெச்சுட்டு பைபிள்ல புலம்பல் புத்தகம் 3ம் அதிகாரத்துக்குப் போங்க, அதே இடிபாட்டுக்கு நடுவுல எழுதினது, 22, 23 வசனத்துல "காலைதோறும் புதியவைகள்"னு வரும், அத காலைலயே படிச்சா இன்னும் நல்லது.