சின்ன கேலரி இன்ஸ்டலேஷன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வயரைத் தரையோடு டேப் போட்டு ஒட்டுவது, ஏணியை ஒருவர் பிடித்துக்கொள்வது எல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பார்வையாளர் உள்ளே நடமாடும்படி ஒரு முழு அறையையே படைப்பாக்க நினைக்கும் புதியவர்கள், ஒருகாலத்தில் எங்கள் செட் அடித்த அதே கூத்தைத்தான் அடிக்கிறார்கள். அதில் ஒன்று மட்டும் இன்றைக்கும் எரிச்சல் மூட்டுகிறது.

அறையை அளக்காமல் ப்ரொஜெக்டர் வாங்குவது

கடையில் பேச்செல்லாம் லூமன்ஸ், அதாவது மெஷினின் வெளிச்ச அளவு பற்றித்தான். சின்ன அறைக்கு அதைவிட முக்கியம் த்ரோ ரேஷியோ; அதாவது, படத்தின் அகலத்தைப் போல எத்தனை மடங்கு தள்ளி மெஷின் இருக்க வேண்டும் என்ற கணக்கு. அது 1.5 என்று வையுங்கள். அறை 12 அடி நீளம். மெஷினுக்குப் பின்னால் வயருக்கும் காற்றுக்கும் ஓரடி போனால் மிச்சம் 11. படம் ஏழேகால் அடி அகலம்தான் வரும். சுவர் முழுக்கக் கடல் என்று போஸ்டர் அடித்தாயிற்று!

சமீபத்தில் ஒரு தம்பி கூப்பிட்டார் என்று போனேன். கதவு மெஷினுக்குப் பக்கத்திலேயே இருந்தது. நுழைந்ததும் அலைகளுக்கு நடுவே என் தலை, கறுப்பாக, இரண்டு ஆள் உயரத்துக்கு. "நிழலுக்கும் ஒரு அர்த்தம் இருக்குல்லண்ணே?" என்றார். இருக்கலாம், ஆனால் அது பில் போட்ட பிறகு வந்த அர்த்தம்.

ரேஷியோ 0.5 உள்ள ஷார்ட் த்ரோ மெஷின் நாலடி தூரத்திலேயே எட்டடிப் படம் தரும். உயரத்தில் மாட்டினால், சுவரை ஒட்டி நிற்பவர் நிழல்தான் விழும். முதலில் வாடகைக்கு எடுத்து, அந்த அறையிலேயே, நாலு பேரை நடக்கவிட்டுப் பாருங்கள். கோணலை கீஸ்டோனில் (படத்தை நேராக்க மெஷினிலேயே இருக்கும் செட்டிங்) சரிசெய்யலாம் என்று நினைக்காதீர்கள், படத்தின் கூர்மை போய்விடும்.

ப்ரொஜெக்டர் இல்லாவிட்டால் குடி முழுகிவிடாது. 1965-இல் நியூயார்க்கின் கேஸ்டெல்லேன் கேலரியில் ஜப்பானியக் கலைஞர் யாயோய் குசாமா சுவர்களில் முகம் பார்க்கும் கண்ணாடி பதித்துத்தான் தன் முதல் முடிவிலா அறையை உண்டாக்கினார். தரையில் கிடந்தவை புள்ளி போட்ட துணியால் தைத்து, உள்ளே அடைத்த உருவங்கள். கையால் தைத்து மாளாததை கண்ணாடி பெருக்கிக் காட்டியது.

காற்று

சும்மா நிற்கும் ஆளே சுமார் 100 வாட் சூடு விடுவார். பத்துப் பேர் நின்றால் ஒரு ரூம் ஹீட்டர். கறுப்புத் துணி கட்டும்போது ஏசியின் வாயையும் சேர்த்து மூடிவிடாதீர்கள்.

பக்கத்து அறை

பேஸ், அதாவது கனத்த அடிச் சத்தம், சுவரைத் தாண்டும். அங்கே ஓவியம் மாட்டியிருப்பவரிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

கரண்ட் போனால்

திரும்ப வந்ததும் எல்லாம் தானாக ஓட வேண்டும். வாட்ச்மேன் கையில் ரிமோட்டைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகாதீர்கள்.