டிசைன் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டின் கடைசி அத்தியாயத்தில் நடக்கும் தவறுகள்

"டீமில் அனைவரும் ஒற்றுமையாகச் செயல்பட்டோம். பயனர்களுக்கு எங்கள் டிசைன் மிகவும் பிடித்திருந்தது." ஃபைனல் இயர் ரிப்போர்ட்டுகளின் கடைசி அத்தியாயத்தில், டீம்வொர்க்கையும் பயனர் ஃபீட்பேக்கையும் திரும்பிப் பார்க்கும் இடத்தில், இந்த இரண்டு வரிகளும் தவறாமல் வந்துவிடுகின்றன. பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இவற்றிலிருந்து யாருக்கும் எதுவும் கிடைப்பதில்லை. ப்ராஜெக்ட் எந்த இடத்தில் திசை மாறியது, எதைப் பார்த்து மாற்றினீர்கள் என்பதைத்தான் இந்த அத்தியாயம் சொல்ல வேண்டும்.

பெரிய தவறு, பயனரிடம் அபிப்பிராயம் மட்டும் கேட்பது. நண்பர்களுக்கு ஒரு கூகுள் ஃபார்ம் அனுப்பினால் "நல்லாருக்கு" என்றுதான் பதில் வரும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2007-இல் வகுப்பு ப்ராஜெக்டாகத் தொடங்கிய எம்ப்ரேஸ் டீமைப் பாருங்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை, குறைமாதக் குழந்தைகளைச் சூடாக வைத்திருக்கும் இன்குபேட்டரை விலை குறைவாகச் செய்வது. டீமில் ஒருவரான லைனஸ் லியாங் நேபாளத்தில் மருத்துவமனைக்கே போய்ப் பார்த்தபோது இன்குபேட்டர்கள் காலியாகக் கிடந்தன. குறைமாதக் குழந்தைகளில் பலர் தொலைதூரக் கிராமங்களில் பிறந்து, மருத்துவமனைக்கு வந்து சேராமலே போனார்கள். அதன் பிறகுதான் திட்டம், மெழுகு போன்ற பொருளைச் சூடாக்கி உள்ளே வைக்கும், குழந்தையைப் படுக்கவைக்கும் சின்ன ஸ்லீப்பிங் பேக்காக மாறியது.

அதோடு முடியவில்லை. மகாராஷ்டிரத்தில் ஒரு கிராமத்துத் தாயிடம் ப்ரோட்டோடைப்பைக் காட்டினார்கள். மேல்நாட்டு மருந்துக்கு வீரியம் அதிகம், அதனால் டாக்டர் ஒரு ஸ்பூன் கொடுக்கச் சொன்னால் அரை ஸ்பூன்தான் கொடுப்போம் என்றார் அவர். அதே கணக்கில், பொருளை 37 டிகிரிக்குச் சூடாக்கச் சொன்னால் 30-லேயே நிறுத்திவிடுவாராம். டீம் எண்களையே எடுத்துவிட்டு, சரியான சூடா இல்லையா என்று மட்டும் காட்டும்படி மாற்றியது. "ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் தரவும்" என்று கேட்டிருந்தால் இது தெரிய வந்திருக்குமா?

எண்களைத் தப்பாகப் படிப்பதும் உண்டு. ஒரு டிசைன் பயன்படுத்த எவ்வளவு எளிது என்று அளக்கும், பத்துக் கேள்விகள் கொண்ட எஸ்யூஎஸ் (System Usability Scale) ஸ்கோர் 72 வந்தால் "72 சதவீதம் பேருக்குத் திருப்தி" என்று எழுதிவிடுகிறார்கள். அது சதவீதமே இல்லை. பொதுவான சராசரி 68 என்பதால், 72 அதைக் கொஞ்சம்தான் தாண்டியிருக்கிறது. "சோதிக்க ஐந்து பயனர் போதும்" என்ற யூசபிலிட்டி நிபுணர் ஜேக்கப் நீல்சனின் வாதமும் அரைகுறையாகவே மேற்கோளாகிறது. ஐந்து பேரிடம் சோதித்து, திருத்தி, மறுபடி ஐந்து பேரிடம் போங்கள் என்பதுதான் அவர் சொன்னது. வகுப்புத் தோழர்கள் ஐந்து பேரோடு முடித்துக்கொள்ள அது அனுமதிச் சீட்டு அல்ல.

அப்புறம் டீம் விஷயம். "கருத்து வேறுபாடு வந்தது, பேசித் தீர்த்தோம்" என்று எழுதினால், எதில் வேறுபாடு என்று வைவாவில் கேட்பார்கள். மெஸ் டோக்கன் ஆப் ஒன்று செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ரெஜிஸ்டர் நம்பரில் லாகின் வேண்டும் என்கிறார் ஒருவர், மொபைல் நம்பர் போதும் என்கிறார் இன்னொருவர். மதியம் மெஸ் வரிசையில் நின்று பார்த்தால், முதலாமாண்டு மாணவர்கள் ஐடி கார்டை எடுத்துப் பார்த்துப் பார்த்து நம்பரை அடிக்கிறார்கள், பின்னால் வரிசை நீளுகிறது. சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். அதை அப்படியே எழுதுங்கள். டீம்வொர்க், ஃபீட்பேக் இரண்டுமே அதில் வந்துவிடும்.

வேலை செய்யாதவரைப் பற்றி எழுத வேண்டி வந்தால், ஆளைக் குறை சொல்லாமல் வேலை எங்கே தேங்கியது என்று எழுதுங்கள். "ஸ்க்ரீன்கள் ஒருவர் லேப்டாப்பில் மட்டும் இருந்ததால் மற்றவர்கள் காத்திருந்தோம்" என்பதில் திருத்திக்கொள்ள வழி இருக்கிறது.

பல இடங்களில், அனுபவத்தைப் படிப்படியாகத் திரும்பிப் பார்க்க கிரஹாம் கிப்ஸ் 1988-இல் தந்த சுழற்சிப்படி எழுதச் சொல்கிறார்கள். என்ன நடந்தது, எப்படி உணர்ந்தோம் என்பதற்கே பக்கங்கள் போய்விடும். கடைசிப் படியான செயல்திட்டத்துக்கு "நேரத்தை நன்கு திட்டமிடுவோம்" என்று ஒரே வரி. "முதல் ரிவியூவுக்கு முன்பே பேப்பரில் வரைந்த ஸ்க்ரீனை மெஸ் வாசலில் காட்டுவோம்" என்று எழுதினால் அடுத்த செமஸ்டரில் செய்து பார்க்கலாம்.

இதற்கெல்லாம் குறிப்பு வேண்டும். பயனரைப் பார்க்கப் போகும்போது ஒருவர் பேசட்டும், இன்னொருவர் எழுதட்டும். அன்று மாலையே இருவரும் உட்கார்ந்து, பயனர் என்ன செய்தார், எதை மாற்றப் போகிறோம் என்று தேதி போட்டு எழுதி வையுங்கள்.