பிள்ளையின் கணக்கு சரி, இடறியது சொல்லில்: ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈரோடு, கோபி பக்கத்து வீடுகளில் ‘இரண்டு வட்டிக்கு வாங்கினோம்’ என்றால், நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய் என்று பொருள். ஆண்டுக்கு 24 விழுக்காடு. அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், 10,000 ரூபாய்க்கு 2% தனிவட்டியில் ஓராண்டு வட்டி எவ்வளவு என்று கேட்டால் 2,400 என்று எழுதக்கூடும். பாடநூல் விடை 200. சிவப்பு மையால் அடித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போவதுதான் முதல் தவறு. வீட்டு வழக்கையும் புத்தக வழக்கையும் கரும்பலகையில் அருகருகே எழுதுங்கள். ‘மாதத்துக்கா, ஆண்டுக்கா?’ என்று பிள்ளைகளே கேட்கட்டும்.

என்னை மிகவும் உறுத்துவது பின்னம். ¾ என்பதில் மேலே உள்ள 3 தொகுதி, கீழே உள்ள 4 பகுதி. ஆனால் பேச்சில் பகுதி என்றால் துண்டு. ஓர் ஒப்புட்டை (போளியை) நான்காகப் பிட்டு மூன்றைத் தின்றவனுக்கு, தான் தின்றதுதானே பகுதி? அதனால் 3 தான் பகுதி என்கிறான். அவன் காதுக்கு அது நியாயம். ‘மேலே தொகுதி, கீழே பகுதி’ என்று ஒப்பிக்கச் செய்தால் மதிப்பெண் வரும், பொருள் வராது. சொல்லின் வேரைக் காட்டினால் போதும்: எத்தனையாகப் பகுத்தோமோ அது பகுதி, அதில் எத்தனையை எடுத்துத் தொகுத்தோமோ அது தொகுதி. நம் மொழியே விளக்கத்தைக் கையில் வைத்திருக்கும்போது மனப்பாடம் எதற்கு?

‘அதிகம் என்றால் கூட்டு’ என்ற குறுக்குவழியைக் கற்றுத்தரவே வேண்டாம். கவினிடம் 12 தேங்காய் இருக்கிறது. அது மலரிடம் இருப்பதைவிட 5 அதிகம். மலரிடம் எத்தனை? குறுக்குவழி 17 என்கிறது, விடை 7. யாரிடம் கூடுதல் என்பதை முதலில் படமாக வரையச் சொல்லுங்கள்.

‘பெருக்கினால் பெருகும்’ என்பதும் அப்படித்தான். 8 ஐ ½ ஆல் பெருக்கினால் 4. ‘எட்டில் பாதி’ என்று வாய்விட்டுச் சொன்னால் குழப்பம் தீரும்.

‘புரிந்ததா?’ என்ற கேள்விக்கு எல்லாத் தலையும் ஆடும். அதற்குப் பதிலாக, அந்தக் கணக்கை வீட்டில் அமுச்சியிடம் (அம்மாவைப் பெற்ற பாட்டியிடம்) சொல்வதுபோல் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளை எந்தச் சொல்லை விழுங்கிவிட்டுச் சொல்கிறது என்று கவனியுங்கள்; பெரும்பாலும் அங்கிருந்துதான் பாடத்தைத் திரும்பத் தொடங்க வேண்டியிருக்கும்.