பள்ளி மேலாண்மைக் குழுவில் நிற்கப் போகிறீர்களா?

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன்படி குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் உரிய விகிதத்தில் இடம் உண்டு. ஆனால் காலையில் கூட்டம் வைத்தால் கூலிக்குப் போகிறவர்களுக்கு அரைநாள் சம்பளம் போச்சு. அதனால் நேரத்தைப் பற்றித் தலைமையாசிரியரிடம் முன்பே பேசுங்கள். நான் தையல்காரி, துணி கொடுக்கப் போகும்போதே கூட்ட நேரத்தைக் காலனி அம்மாக்களிடம் சொல்லிவிடுவேன்.

தேர்வானதும், பள்ளிக்கு என்னென்ன வேண்டும் என்று குழு எழுதிக் கொடுக்கும் பள்ளி வளர்ச்சித் திட்டம்தான் முக்கியம். ‘கழிப்பறை சரியில்லை’ என்று பொதுவாக எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எந்தக் கதவில் தாழ்ப்பாள் இல்லை, எந்தக் குழாயில் தண்ணீர் வரவில்லை, பெண்பிள்ளைகள் எத்தனை பேர் என்று எழுதுங்கள்.

அப்புறம், தீர்மான நோட்டில் வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ‘பிறகு எழுதிக்கலாம்மா’ என்பார்கள். டீயும் வரும். டீயை மட்டும் குடியுங்கள்.