பழைய ட்ரெய்லர் பாய்ப்படகு: மழையில் பிரி, மாசியில் ஒட்டு, சித்திரையில் இறக்கு

திருகோணமலையில் பழைய பாய்ப்படகைத் திருத்தும் வேலைக்கு நாள் குறிப்பது காற்றுத்தான். ஐப்பசி முதல் தை வரை வாடையும் மழையும். அந்த நாட்களில் ரெசின் (பைபர் ஒட்டும் பிசின்) தொடக்கூடாது. படகைக் கூரைக்குக் கீழே தள்ளி, கழற்றக்கூடிய எல்லாவற்றையும் கழற்றி, பாயையும் ட்ரெய்லரையும் திருத்துங்கள். ஒட்டு வேலை மாசி, பங்குனியில். சித்திரையில் கடல் படுத்திருக்கும்போது முதல் ஓட்டம். வைகாசியில் கச்சான் (தென்மேற்குக் காற்று) எழும்பிவிட்டால் புதுப் படகைப் பழக்குவதற்கு அது நல்ல காலம் அல்ல.

இங்கே சொல்வது 18 முதல் 22 அடி வரையான, கீலை (படகு சரியாமல் பிடிக்க அடியில் தொங்கும் பாரத் தகட்டை) மேலே தூக்கக்கூடிய பைபர் படகுகளுக்கு. உலகமெங்கும் தெரிந்த உதாரணம் 1969இல் வெளிவந்த கற்றலினா 22. அதன் ஆடும் கீல் ஏறக்குறைய 250 கிலோ வார்ப்பிரும்பு. தூக்கினால் 2 அடித் தண்ணீரில் மிதக்கும், இறக்கினால் 5 அடி வேண்டும். நம் கடலில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றர்கூட வராது. வற்றுக்குக் கரையில் இருத்திவிட்டு அடியைத் திருத்தலாம் என்ற வெளிநாட்டு அறிவுரை இங்கே செல்லாது. அடிவேலை எல்லாம் தரையிலேயே முடிய வேண்டும்.

காசு கொடுக்குமுன்

பெயின்றையும் மெத்தையையும் பார்க்காதீர்கள். பார்க்க வேண்டியவை நான்கு: தளம், பக்கக் கம்பிகள் பூட்டும் தகடுகள், கீல் ஊசி (கீல் தொங்கி ஆடும் அச்சாணி), ட்ரெய்லர் அச்சு.

தளம் இரண்டு பைபர் தோல்களுக்கு நடுவே பால்சா மரமோ பிளைவூட்டோ வைத்துச் செய்தது. திருகாணித் துளை வழியே மழைத்தண்ணீர் இறங்கினால் நடுமரம் கூழாகிவிடும். மேலே ஒன்றும் தெரியாது. ஸ்குரூட்ரைவரின் பிடியால் அரை அடிக்கு ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு போங்கள். ‘டக்’ என்று கேட்டால் நல்லது. ‘தொப்’ என்றால் உள்ளே உளுத்திருக்கிறது. அந்த இடத்தைச் சோக்கால் வட்டமிடுங்கள். பாய்மர அடி, அணியத் (முன்பக்கத்) தூண்கள், கயிறு இறுக்கும் வின்ச் ஆகிய மூன்றையும் சுற்றித்தான் பெரும்பாலும் வட்டம் விழும். தளத்தின் மூன்றிலொன்றுக்கு மேல் வட்டமானால் அந்தப் படகை விட்டுவிடுங்கள், சும்மா கொடுத்தாலும்.

தளத்தைத் திறப்பது

கிரைண்டரில் மெல்லிய வெட்டுத் தட்டைப் போட்டு 3 மில்லிமீற்றர் ஆழத்துக்கு மட்டும் வெட்டி, மேல்தோலை ஒரே துண்டாகக் கழற்றி வையுங்கள். திரும்ப ஒட்டப்போவது அதைத்தான். உளுத்ததைச் சுரண்டி, நல்ல மரம் வரும் வரை போய், அதற்குமேல் இரண்டு அங்குலம் கூடுதலாக எடுங்கள். பிறகு காயவிட வேண்டும். மாசி வெயிலில் ஒரு கிழமையாவது. இரவில் பனி விழாமல் மூடி. அவசரப்பட்டு ஈரத்தின் மேல் ஒட்டியவர்கள் அடுத்த வருடம் அதே இடத்தைத்தான் திறப்பார்கள்.

ரெசினில்தான் குழப்பம் அதிகம். மீன்பிடிப் படகு கட்டும் பட்டறைகளில் கிடைப்பது பொலியெஸ்டர் ரெசினும் வெட்டு நார் ‘மாட்’டும் (வெட்டிய கண்ணாடி நாரைப் பசையால் சேர்த்த விரிப்பு). புதுப் படகுக்கு அது சரி. பழைய, காய்ந்த பைபரில் அதன் பிடி எப்பொக்சி என்ற மற்ற வகை ரெசின் அளவுக்கு வராது. தளத்துக்கும் கீல் பெட்டிக்கும் எப்பொக்சி வாங்குங்கள். ஆனால் எப்பொக்சியோடு அந்த நார் விரிப்பைப் போடக்கூடாது: விரிப்பின் நார்களைச் சேர்த்துப் பிடிக்கும் பசை பொலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும், எப்பொக்சியில் விறைத்துக்கொண்டு நிற்கும். நெய்த கண்ணாடித் துணியே வேண்டும். எப்பொக்சி பூசிய இடத்தின் மேல் பிறகு பொலியெஸ்டரும் சரியாக இறுகாது. ஆகவே முதலிலேயே தீர்மானியுங்கள்.

வேறு இடங்களில் பொலியெஸ்டர் போடுவதானால், 450 கிராம் மாட் ஒரு சதுர மீற்றருக்கு ஒரு கிலோ ரெசின் கணக்கு. நம் வெக்கையில் ஒரு கிலோவுக்கு 10 மில்லிலீற்றர் ஹார்ட்னர் (ரெசினை இறுகவைக்கும் திரவம்) போதும். இரட்டித்தால் பாத்திரத்திலேயே புகைந்து இறுகும். ஹார்ட்னர் கண்ணில் பட்டால் பார்வை போகலாம். கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்காதீர்கள். இறுகலை வேகப்படுத்தும் கோபால்ற் திரவமும் ஹார்ட்னரும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கி முடித்த பிறகுதான் மற்றது.

மரத்தில் எப்பொக்சி பூசுவது பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு, நிழலில். காலையில் பூசினால் வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து குமிழ் குமிழாகக் கிளம்பும். மறுநாள் மேலே மெழுகு போல் பிசுபிசுப்பு இருந்தால் நன்னீரால் தேய்த்துக் கழுவி, உப்புக்காகிதம் போட்டு, அடுத்த பூச்சு.

மேல்தோலை ஒட்டி, மணல் மூட்டை ஏற்றி, இறுகிய பின் வெட்டுக் கோட்டின் இரு பக்கமும் தோலின் தடிப்பைப் போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேயுங்கள். தோல் 3 மில்லிமீற்றர் என்றால் ஒரு பக்கத்துக்கு 36. அந்தச் சரிவில் இரண்டு மூன்று துணி.

ஒவ்வொரு போல்ட் துளைக்கும் இதே எச்சரிக்கை: 6 மில்லிமீற்றர் துளையை 12 ஆக்கி, கெட்டியான எப்பொக்சியால் அடைத்து, இறுகிய பின் நடுவில் மறுபடி 6 துளையுங்கள். தண்ணீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது. குளியலறைச் சிலிக்கன் வேண்டாம். பொலியூரிதேன் அடைப்பு போடுங்கள்.

கீலும் கம்பியும்

கீல் ஊசியைக் கழற்றிப் பாருங்கள். நடுவில் தேய்ந்திருந்தால் அதே அளவில் வெண்கலத்தில் கடைந்து போடலாம். துளை முட்டை வடிவமாகியிருந்தால் புஷ் (உள்வளையம்) அடிக்க வேண்டும். அலையில் ‘டங் டங்’ என்று அடியில் கேட்பது இந்த இடம்தான். கீலின் கறளைத் தட்டி, கிரைண்டரால் உலோகம் மினுங்கும் வரை தேய்த்து, நன்னீரில் கழுவி, காய்ந்ததும் அன்றைக்கே எப்பொக்சி. ஒரு இரவு விட்டால் உப்புக்காற்றில் மறுபடி சிவந்துவிடும். கீலைத் தூக்கும் கேபிளைச் சோதித்து நேரத்தை வீணாக்காமல் புதிதாகவே போடுங்கள்.

பாய்மரத்தை நிறுத்தும் கம்பிகள் இந்த அளவுப் படகில் பொதுவாக 4 மில்லிமீற்றர், 1×19 (19 இழைகளை ஒன்றாக முறுக்கிய) ஸ்டெயின்லெஸ். பழைய பருத்தித் துணியைச் சுற்றி உருவுங்கள். நூல் மாட்டினால் இழை அறுந்திருக்கிறது, கம்பி முடிந்தது. முனைக் குழாயிலிருந்து கறள் நீர் வடிந்தாலும் அதே தீர்ப்பு. வயது தெரியாத கம்பி என்றால் மாற்றுங்கள். தகடுகளையும் வெளியே எடுக்காமல் நம்பவேண்டாம்: ஸ்டெயின்லெஸ் காற்றுப் படாத இடத்தில்தான், தளத்துக்குள் மறைந்திருக்கும் பகுதியில்தான், வெடிப்பு விடும். அலுமினியப் பாய்மரத்தில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும் இடங்களில் ஆணியைக் கழற்றி லனோலின் (ஆட்டு ரோமக் கொழுப்பு) பூசிப் பூட்டுங்கள்.

பாய்த் துணி நன்றாயிருக்கும், தையல் செத்திருக்கும். நகத்தால் தையலைக் கீறுங்கள். நூல் பொடிந்தால் எல்லாத் தையல் மூட்டுகளையும் வளைவுத் (ஸிக்ஸாக்) தையலில் திரும்ப அடிக்க வேண்டும்.

மூழ்காமல் இருக்க

கணக்குப் போடுங்கள். 250 கிலோ வார்ப்பிரும்பு நீருக்குள் 215 கிலோ நிறை காட்டும். 500 கிலோ பைபர் 190 கிலோ காட்டும். மோட்டார், நங்கூரம் முதலியவற்றுக்கு இன்னும் 45. ஆக 450 கிலோ. ஒரு லீற்றர் காற்று ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும் என்பதால் 450 லீற்றர் காற்று வேண்டும்: மூடி இறுக்கிய 20 லீற்றர் கான் 23. இருக்கைகளுக்கு அடியில் அடுக்கி, பட்டியால் கட்டுங்கள். கட்டாத கான் தண்ணீர் வந்ததும் மிதந்து போய்விடும். ரெஜிபோம் வைப்பவர்கள் கவனம்: பொலியெஸ்டர் ரெசினோ பெற்றோலோ பட்டால் கரைந்துவிடும்.

ட்ரெய்லரும் இறக்கமும்

கொழும்புப் பக்கம் வாங்கிய படகு A6 வழியே வருவதானால், புறப்படுமுன் பெயாரிங் கழற்றிப் புது கிறீஸ். கொக்கியில் மொத்த நிறையின் 5 முதல் 10 வீதம் அழுந்த வேண்டும். குறைந்தால் ட்ரெய்லர் வால் ஆட்டும். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் இரவில் யானை, பகலில் கடந்துவிடுங்கள்.

கரைக்கு வந்ததும் சில்லை உடனே கடலில் இறக்காதீர்கள். சூடான ஹப் குளிரும்போது உப்புத்தண்ணீரை உறிஞ்சும். அரை மணி நேரம் விட்டு, அந்த நேரத்தில் பாய்மரம் ஏற்றுங்கள். ஏற்றுமுன் தலைக்கு மேலே பாருங்கள்: மின்கம்பி இருக்கும் இடத்தில் அலுமினியப் பாய்மரம் நிமிரக்கூடாது. உப்புவெளி போன்ற மணற்கரையில் ட்ரெய்லர் புதையும். ரயர் காற்றைக் குறைத்து, பலகை போட்டு, உழவு இயந்திரத்தால் இழுங்கள். காரை நம்பாதீர்கள்.

ஓட்டம்

உட்துறைமுகத்தில் கடற்படைத் தளம் இருக்கிறது. அனுமதி இல்லாமல் அந்தப் பக்கம் பாய் விரிக்காதீர்கள். வெளியே போகும் ஒவ்வொரு முறையும் பொறுப்பானவர்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

கச்சான் தரையிலிருந்து கடலுக்கு வீசுகிறது. கரையோரம் தண்ணீர் கண்ணாடி போல் இருக்கும், ஆபத்து அதில்தான். காற்றோடு சுகமாக அரை மணி நேரம் ஓடியவன் திரும்பும்போது இரண்டு மணி நேரம் காற்றை எதிர்த்து ஏற வேண்டும். ஏதாவது உடைந்தால் அடுத்தது வங்காள விரிகுடா. ஆகவே போகும்போது எதிர்க்காற்றில் போங்கள், வரும்போது காற்று கொண்டுவரட்டும். காற்று மணிக்கு 12 கடல் மைலைத் தாண்டி, வெள்ளை நுரை எழத் தொடங்கினால் பெரும்பாயைச் சுருக்குங்கள். கீலைப் பூட்டும் போல்ட் உள்ள படகில் ஆழத்துக்கு வந்ததும் அதை இறுக்குங்கள். படகு சரிந்தால் கீல் உள்ளே மடங்காமல் பிடிப்பது அதுதான். கோணேசர் கோயில் பாறையின் அடியில் ஒட்டி ஓடவேண்டாம். காற்று அங்கே செத்துச் செத்து மேலிருந்து அடிக்கும்.

கரையில் ஆட்கள் வரிசையாகக் கயிறு இழுத்தால் கரைவலை. வலையின் மடிக்கு வெளியே சுற்றிப் போங்கள். தப்பித் தவறி மேலே வந்துவிட்டால் கீலையும் சுக்கானையும் தூக்கி மிதந்து விலகுங்கள். வலை அறுந்தால் சம்மாட்டிக்கு (வலைச் சொந்தக்காரருக்கு) ஒரு நாள் உழைப்பு போகும்.

நங்கூரம் போடுவது கரைக்குக் கிட்ட, இரண்டு மூன்று பாக (ஒரு பாகம் ஆறு அடி) ஆழத்தில், ஆழத்தின் ஐந்து மடங்கு கயிறு விட்டு. கொட்டியாரக் குடாவில் கடலடிப் பள்ளத்தாக்கு இருக்கிறது. சற்றுத் தள்ளினாலும் கயிறு எட்டாது. புறாத்தீவில் பவளத்தின் மேல் நங்கூரம் வேண்டாம். அது 2003 முதல் தேசியப் பூங்கா.

புரட்டாதி முடிவில் பாய்மரத்தை இறக்கி, ட்ரெய்லரின் முன்பக்கத்தை ஒரு அடி உயர்த்தி வையுங்கள். மழைத்தண்ணீர் பின்னால் வடியட்டும். அடிப்பக்க வடிகால் அடைப்பானைக் கழற்றி வின்ச் கைப்பிடியில் கட்டுங்கள். சித்திரையில் கேபிளைத் தளர்த்தப் போகும் கை முதலில் அதைத்தான் தொட வேண்டும்.